பிள்ளையைப் பகிர்ந்து வளர்க்க வக்கீல் வைப்பது எப்படி?

கணவனும் மனைவியும் பிரிந்துவிட்டால் கடலூர் மாவட்டத்து மங்கலம்பேட்டைப் பக்கம் வழக்கமாக நடப்பது இதுதான். முதலில் இரு வீட்டுப் பெரியவர்களும் உட்கார்ந்து பேசுவார்கள். பேச்சு முறிந்தால் மகளிர் காவல் நிலையம். அங்கே, ‘வாரம் ஒரு நாள் அப்பா வந்து பிள்ளையைப் பார்த்துக்கொள்ளட்டும்’ என்று எழுதி இரு தரப்பிலும் கையெழுத்து வாங்குவார்கள். சிலர் முத்திரைத்தாளில் எழுதி நோட்டரி முத்திரையும் போட்டுக்கொள்வார்கள். கொஞ்ச நாள் சரியாகப் போகும். ஒரு ஞாயிற்றுக்கிழமை கதவு திறக்காது. அந்தத் தாளை வைத்து யாரையும் கட்டாயப்படுத்த முடியாது என்பது அன்றைக்குத்தான் தெரியவரும்.

பிள்ளை யாரிடம் வளர வேண்டும் என்று முடிவு செய்யும் அதிகாரம் காவல் நிலையத்துக்குக் கிடையாது. இரு தரப்பும் எழுதிக்கொண்ட பத்திரத்தை நீதிமன்றத்தில் ஒரு சான்றாகக் காட்டலாம், அவ்வளவுதான். நீதிபதி அதற்குக் கட்டுப்பட்டவர் அல்ல. அப்பா, அம்மா இருவருக்கும் பிள்ளை மேல் உள்ள பொறுப்பு நிலைத்து நிற்க வேண்டுமென்றால் நீதிமன்ற உத்தரவு வேண்டும். அதற்கு வக்கீல் வேண்டும். எப்படிப்பட்ட வக்கீல் என்பதில்தான் பலர் தடுமாறுகிறார்கள்.

முதலில் சட்டத்தின் நிலையைச் சொல்லிவிடுகிறேன். பிள்ளையை இருவரும் பகிர்ந்து வளர்ப்பது பற்றி நம் சட்டப் புத்தகங்களில் தனி விதி எதுவும் இல்லை. இந்திய சட்ட ஆணையம் 2015-ல் கொடுத்த 257-வது அறிக்கையில் அதைச் சட்டமாக்கப் பரிந்துரைத்தது. ஆனால், இப்போதும் வழக்குகள் நடப்பது 1890-ம் ஆண்டின் காப்பாளர் மற்றும் காக்கப்படுவோர் சட்டத்தின்படியும், இந்துக்களுக்கு 1956-ம் ஆண்டின் இந்து இளவர் காப்பாளர் சட்டத்தின்படியும்தான். 1956 சட்டத்தின் 6-வது பிரிவு, தந்தை இயற்கைக் காப்பாளர், அவருக்குப் பிறகு தாய் என்கிறது. ஐந்து வயது நிரம்பாத பிள்ளை சாதாரணமாகத் தாயிடம் இருக்க வேண்டும் என்றும் சொல்கிறது. ‘பிறகு’ என்றால் தந்தை இறந்த பிறகு மட்டும்தான் என்று பொருள் கொள்ளக் கூடாது என உச்ச நீதிமன்றம் 1999-ல் எழுத்தாளர் கீதா ஹரிஹரன் தொடுத்த வழக்கில் தீர்ப்பளித்தது. இஸ்லாமியக் குடும்பங்களில் ஹனஃபி முறைப்படி மகன் ஏழு வயது வரையிலும், மகள் பருவமெய்தும் வரையிலும் தாயிடம் இருப்பது வழக்கம். கிறிஸ்தவர்களுக்கு 1869-ம் ஆண்டு விவாகரத்துச் சட்டத்திலேயே பிள்ளைகள் குறித்த பிரிவுகள் உண்டு. எந்த மதமானாலும் நீதிபதி கடைசியில் கேட்பது ஒன்றைத்தான்: இந்தப் பிள்ளைக்கு எது நல்லது?

அதனால்தான் தனிப் பிரிவு இல்லாமலேயே நீதிமன்றங்கள் பகிர்வு உத்தரவுகளைப் போடுகின்றன. பள்ளி நாள்களில் ஒருவரிடம், வார இறுதியிலும் விடுமுறையிலும் மற்றவரிடம் என்பது பரவலாகக் காணப்படும் ஏற்பாடு.

வக்கீல் தேடப் போகும் ஒவ்வொருவரும் தெரிந்துகொள்ள வேண்டிய பழைய வழக்கு ஒன்று சென்னையிலிருந்து போனது. ரோசி ஜேக்கப் வழக்கு. கணவன், மனைவி, மூன்று பிள்ளைகள். சென்னை உயர் நீதிமன்றத்தில் நடந்து, மேல்முறையீட்டில் உச்ச நீதிமன்றம் போய் 1973-ல் தீர்ப்பானது. பிள்ளைகள் பெற்றோரின் உடைமையும் அல்லர், விளையாட்டுப் பொருளும் அல்லர் என்று நீதிபதிகள் அதில் சொன்னதை இன்றும் வக்கீல்கள் வாதத்தில் எடுத்துக்காட்டுவார்கள். எனக்கு அதைவிட முக்கியமாகப் படுவது தீர்ப்பின் இன்னொரு பகுதி. பிள்ளையின் பொறுப்பு பற்றிய உத்தரவு எதுவுமே அதன் இயல்பில் தற்காலிகமானது. சூழ்நிலை மாறினால், காலம் போனால், நீதிமன்றம் அதை மாற்றலாம் என்கிறது அது.

இது குடும்பத்துக்கு என்ன சொல்கிறது? நாலு வயதில் வாங்கிய உத்தரவு பத்து வயதில் பொருந்தாமல் போகலாம். அப்பாவுக்கு ஓசூரில் வேலை கிடைக்கலாம், அம்மா மறுமணம் செய்யலாம், பிள்ளையே ‘நான் அங்கே இருக்கணும்’ என்று சொல்லலாம். பிள்ளைக்கு 18 வயது நிரம்பும் வரை நீங்கள் இருவரும் ஒருவரோடு ஒருவர் பேசித்தான் ஆக வேண்டும். எதிர்த் தரப்பை நீதிமன்றத்தில் கிழித்துத் தொங்கவிடும் வக்கீல் உங்களுக்கு அன்றைக்கு ஒரு நாள் திருப்தி தருவார். அதன் பின்விளைவைப் பிள்ளைதான் ஆண்டுக்கணக்கில் சுமக்கும். ‘கவலையே படாதீங்கம்மா, பிள்ளையை மொத்தமா உங்க கையில வாங்கித் தர்றேன், அந்தாளால அது முகத்தையே பார்க்க முடியாது’ என்று முதல் நாளே சொல்பவரிடம் வழக்குக் கட்டைக் கொடுக்காதீர்கள். இந்த விஷயத்தில் என் கருத்து உறுதியானது.

அடுத்து, எந்த ஊர் நீதிமன்றம்? 1890 சட்டத்தின் 9-வது பிரிவின்படி, பிள்ளை சாதாரணமாக எங்கே வசிக்கிறதோ அந்தப் பகுதிக்கான நீதிமன்றத்தில்தான் மனு போட வேண்டும். மங்கலம்பேட்டைக்காரர்களுக்கு இது வெறும் சட்ட நுணுக்கம் இல்லை. ஊர் இருப்பது விருத்தாசலத்திலிருந்து உளுந்தூர்பேட்டை போகும் சாலையில். இந்தப் பக்கம் கடலூர் மாவட்டம். உளுந்தூர்பேட்டையோ 2019-ல் உருவான கள்ளக்குறிச்சி மாவட்டம். அம்மா கோபித்துக்கொண்டு பிள்ளையோடு உளுந்தூர்பேட்டைத் தாய்வீட்டுக்குப் போய், அங்கேயே பள்ளியில் சேர்த்துவிட்டால் மாவட்டமே மாறிவிடும். தூரம் என்னவோ ஒரு பஸ் பயணம்தான், ஆனால் வழக்கு எங்கே நடக்க வேண்டும் என்பதே பெரிய வாதமாகி மாதங்கள் ஓடும். விவாகரத்து மனுவோடு சேர்த்துப் பிள்ளையைப் பற்றியும் கேட்பதா (இந்து திருமணச் சட்டத்தின் 26-வது பிரிவு அதற்கு இடம் தருகிறது), அல்லது வக்கீல்கள் ஜி.டபிள்யூ.ஓ.பி. என்று சொல்லும் தனிக் காப்பாளர் மனுவா என்பதைப் பொறுத்தும் நீதிமன்றம் மாறும். ஆகவே முதல் சந்திப்பில் முதல் கேள்வியாக இதைக் கேளுங்கள்: ‘என் மனுவை எந்தக் கோர்ட்டில் போடுவீர்கள், ஏன்?’ தெளிவாகப் பதில் சொல்பவர் அந்த வேலையைச் செய்து பழகியவர்.

வக்கீல்கள் விளம்பரம் செய்யக் கூடாது என்பது பார் கவுன்சில் விதி. எனவே விளம்பரத்தைப் பார்த்துப் போக வேண்டாம். ஒரு நாள் லீவு போட்டு, விருத்தாசலத்திலோ கடலூரிலோ குடும்ப வழக்குகள் நடக்கும் நீதிமன்றத்தில் போய் உட்காருங்கள். யார் நேரத்துக்கு வருகிறார், யார் கட்டைப் படித்துவிட்டு வருகிறார், யார் ஒவ்வொரு முறையும் ஜூனியரை அனுப்பி வாய்தா வாங்குகிறார் என்பது இரண்டு மணி நேரத்தில் கண்ணுக்குத் தெரிந்துவிடும். வெளியே காத்திருக்கும் கட்சிக்காரர்களிடம் பேசுங்கள். நிலப் பத்திர வழக்கில் பேர்போன சீனியர் பிள்ளை வழக்கிலும் அப்படியே இருப்பார் என்று சொல்ல முடியாது. ‘ஜட்ஜ் நமக்குத் தெரிஞ்சவர்’ என்று சொல்லிக்கொண்டு வரும் இடைத்தரகரோடு பேச்சையே வளர்க்காதீர்கள்.

கட்டணத்தைப் பற்றி வெட்கப்படாமல் பேசுங்கள். மொத்தம் எவ்வளவு, அதில் என்னென்ன அடக்கம், ஒவ்வொரு வாய்தாவுக்கும் தனியாகவா, இடைக்கால மனு போட்டால் கூடுதலா, உத்தரவின் நகல் வாங்கும் செலவு யாருடையது என்று கேட்டு, கொடுக்கும் ஒவ்வொரு தொகைக்கும் ரசீது வாங்குங்கள். ‘ஜெயித்தால் இவ்வளவு’ என்று வெற்றியோடு முடிச்சுப் போட்டுக் கட்டணம் பேசுவது வக்கீல் தொழில் விதிகளுக்கு விரோதம். வக்காலத்தில் கையெழுத்துப் போடும்போது படித்துப் போடுங்கள். வெற்றுத் தாளில் போட்டுத் தரச் சொன்னால் மறுத்துவிடுங்கள். வக்கீலை மாற்ற உங்களுக்கு முழு உரிமை உண்டு. பாக்கிக் கட்டணத்தைக் காரணம் காட்டி வழக்குக் கட்டைத் திருப்பித் தராமல் வைத்துக்கொள்ளக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2000-ல் ஆர்.டி. சக்சேனா வழக்கில் தெளிவாகச் சொல்லிவிட்டது. வழக்கு எண்ணையும், ஒவ்வொரு வழக்குக்கும் கிடைக்கும் சி.என்.ஆர். என்ற தனி எண்ணையும் வாங்கி வைத்துக்கொண்டால், ஈகோர்ட்ஸ் செயலியில் அடுத்த வாய்தா எப்போது, அன்றைக்கு என்ன நடந்தது என்பதை நீங்களே பார்த்துக்கொள்ளலாம். குமாஸ்தாவுக்குப் போன் போட்டுக் காத்திருக்க வேண்டாம்.

இனி, வக்கீலின் திறமை உண்மையில் தெரியும் இடத்துக்கு வருவோம். பகிர்வுத் திட்டத்தை எழுதுவதுதான் அது. ‘தந்தை குழந்தையை அவ்வப்போது பார்க்கலாம்’ என்று ஒரு வரியில் வாங்கும் உத்தரவு புதிய சண்டைக்குப் போடும் விதை. நல்ல வக்கீல் எழுதுவது வேறு மாதிரி இருக்கும். விருத்தாசலத்தில் பீங்கான் தொழிற்கூடத்தில் ஷிஃப்ட் வேலை பார்க்கும் அப்பா, மங்கலம்பேட்டையில் தாய்வீட்டில் இருக்கும் அம்மா, இரண்டாம் வகுப்புப் படிக்கும் மகள் என்று வைத்துக்கொள்ளுங்கள். மாதத்தின் முதல், மூன்றாம் சனிக்கிழமை காலை 10 மணிக்கு விருத்தாசலம் பேருந்து நிலையத்தில் பிள்ளையை ஒப்படைக்க வேண்டும். ஞாயிறு மாலை 5 மணிக்கு மங்கலம்பேட்டை வீட்டில் அப்பா கொண்டுவந்து விட வேண்டும். அந்தச் சனிக்கிழமை அவருக்கு ஷிஃப்ட் விழுந்தால் இரண்டு நாள் முன்பே வாட்ஸ்அப்பில் தெரிவித்து அடுத்த சனிக்கிழமை எடுத்துக்கொள்ளலாம். காய்ச்சலாக இருந்தால் மருத்துவரின் சீட்டைக் காட்ட வேண்டும். அப்பாவுக்குப் பதில் யார் வந்து அழைத்துப் போகலாம் என்பதற்குப் பெயர்கள். முழு ஆண்டு விடுமுறையில் முதல் பாதி ஒருவர், மறுபாதி மற்றவர். இந்த ஆண்டு பொங்கல் அம்மாவிடம் என்றால் தீபாவளி அப்பாவிடம், மறு ஆண்டு மாற்றி. தினமும் இரவு சாப்பாட்டுக்குப் பிறகு ஒரு வீடியோ அழைப்பு. பள்ளிக் கட்டணத்தில் யார் பங்கு எவ்வளவு. மாற்றுச் சான்றிதழ் வாங்கிப் பள்ளி மாற்றுவதாக இருந்தால் இருவர் சம்மதமும் வேண்டும். இத்தனையும் எழுத்தில் இருந்தால், மீறியவர் மீது நிறைவேற்று மனு போடும்போது நீதிபதிக்கு எது மீறல் என்று உடனே தெரியும். இல்லாவிட்டால் இருவர் சொல்லும் இரண்டு கதைகளைக் கேட்டுக்கொண்டிருக்க வேண்டியதுதான்.

வீடியோ அழைப்பைக் கேட்கத் தயங்க வேண்டாம். 2020-ல் யஷிதா சாகு வழக்கில் உச்ச நீதிமன்றம், பிள்ளை யாரிடம் இல்லையோ அவர் பிள்ளையோடு எவ்வளவு அடிக்கடி முடியுமோ அவ்வளவு பேச வழி செய்ய வேண்டும், தினமும் ஐந்து பத்து நிமிடமாவது என்று சொல்லியிருக்கிறது. துபாயிலோ சிங்கப்பூரிலோ வேலை பார்க்கும் தந்தைக்கு இது பெரிய ஆறுதல். வெளிநாட்டுத் தொடர்பு இருந்தால் பிள்ளையின் பாஸ்போர்ட் யாரிடம் இருக்கும் என்பதையும் உத்தரவில் எழுதச் சொல்லுங்கள். நாடு கடந்து கொண்டுபோகப்பட்ட பிள்ளைகளைத் திருப்பி அனுப்புவதற்கான 1980-ம் ஆண்டு ஹேக் உடன்படிக்கையில் இந்தியா சேரவில்லை. பிள்ளை எல்லை தாண்டிய பிறகு மீட்பது மிகக் கடினம்.

வழக்கு முடியக் காலம் பிடிக்கும். அதுவரை பிள்ளையைப் பார்க்காமல் இருக்க முடியாது என்பதால், முதல் மனுவோடேயே இடைக்கால மனுவும் போடுவாரா என்று கேளுங்கள். சமரசத்தைப் பற்றி அவர் என்ன நினைக்கிறார் என்பதும் முக்கியம். 1984-ம் ஆண்டு குடும்ப நீதிமன்றச் சட்டம், முதலில் சமரசத்துக்கு முயல வேண்டியது நீதிமன்றத்தின் கடமை என்கிறது. அதே சட்டத்தின் 13-வது பிரிவின்படி அங்கே வக்கீல் வைத்து வாதாடுவது உங்கள் உரிமை அல்ல, நீதிபதி அனுமதித்தால்தான் முடியும். அதனால் பல நேரங்களில் நீங்களே நேரில் நின்று பேச வேண்டியிருக்கும். நல்ல வக்கீல் உங்களை அதற்குத் தயார் செய்வார். ஆனால், பிள்ளையைத் தயார் செய்யச் சொல்ல மாட்டார். விவரம் தெரிந்த வயதுப் பிள்ளையை நீதிபதி தனியறையில் அழைத்துப் பேசுவதுண்டு. சொல்லிக்கொடுத்த வாக்கியங்களைக் கண்டுபிடிக்க நீதிபதிகளுக்கு அதிக நேரம் ஆகாது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். பிள்ளையைத் தக்கவைக்க, எதிர்த் தரப்பு மேல் நடக்காத கொடுமையைச் சொல்லிப் புகார் கொடுக்கலாம் என்று யோசனை சொல்லும் வக்கீலிடமிருந்து அன்றைக்கே விலகுங்கள். அந்தப் புகாருக்காக விசாரிக்கப்படப் போவது உங்கள் பிள்ளை. உண்மையிலேயே அடியோ அத்துமீறலோ நடந்திருந்தால் ஒரு நாளும் தாமதிக்காமல் புகார் கொடுங்கள். குழந்தைகளுக்கான உதவி எண் 1098. அப்படிப்பட்ட நிலையில் பகிர்வைக் கேட்கவே தேவையில்லை. பார்ப்பதேகூட வேறொருவர் முன்னிலையில்தான் இருக்க வேண்டும் என்று கேட்கலாம். ஜீவனாம்சத்தையும் இதோடு குழப்பாதீர்கள். பணம் வரவில்லை என்பதற்காகப் பிள்ளையைக் காட்ட மறுப்பதும், பிள்ளையைக் காட்டவில்லை என்று பணத்தை நிறுத்துவதும் இரண்டுமே உங்கள் வழக்கைக் கெடுக்கும்.

கையில் காசு இல்லையே என்று பின்வாங்க வேண்டாம். 1987-ம் ஆண்டு சட்டப் பணிகள் ஆணைக்குழுச் சட்டத்தின் 12-வது பிரிவின்படி பெண்களுக்கும், பட்டியல் சாதி, பழங்குடி மக்களுக்கும், மாற்றுத்திறனாளிகளுக்கும் வருமானம் எவ்வளவாக இருந்தாலும் இலவச வக்கீல் உண்டு. மற்ற ஆண்களில் பெரும்பாலோருக்கு வருமான வரம்பு உண்டு. இந்து திருமணச் சட்டத்தின்படி வழக்கு நடந்தால், சொந்த வருமானம் இல்லாதவர் வழக்குச் செலவைத் துணைவரிடமிருந்து கேட்கவும் 24-வது பிரிவில் வழி இருக்கிறது. ஆதார், பிள்ளையின் பிறப்புச் சான்றிதழ், பள்ளி அடையாள அட்டை, கல்யாணப் பத்திரிகை அல்லது பதிவுச் சான்று, இதுவரை எழுதி வாங்கிய தாள்கள் எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு விருத்தாசலம் வட்டச் சட்டப் பணிகள் குழுவிடம் போங்கள். நேரில் போக முடியாவிட்டால் 15100 என்ற எண்ணுக்குக் கூப்பிடுங்கள்.