இரண்டு ரவுட்டர் இருந்தும் இணையம் ஏன் நிற்கிறது?

கைப்பேசியில் வைஃபை சின்னம் முழுதாக இருக்கும். ஆனால், எந்தப் பக்கமும் திறக்காது. புஞ்சாக் ஆலாமில் வாடகை அறையில் தங்கிப் படிக்கும் மாணவர்கள் யாரைக் கேட்டாலும் இந்தக் கதையைச் சொல்வார்கள். அதுவும் பணி ஒப்படைக்க வேண்டிய இரவில்தான் இது நடக்கும்! கைப்பேசிக்கும் ரவுட்டருக்கும் இடையே தொடர்பு நன்றாகவே இருக்கிறது. அங்கிருந்து வெளியே போகும் வழிதான் அடைபட்டிருக்கிறது.

நம் கருவி வெளியுலகுக்குப் போக ஒரே ஒரு முகவரியைத்தான் நம்பியிருக்கிறது. வீடுகளில் அது பெரும்பாலும் 192.168.1.1 போன்ற எண்ணாக இருக்கும். இதைத்தான் கேட்வே என்கிறோம். அந்த ரவுட்டர் நின்றுவிட்டால், பக்கத்திலேயே நல்ல ரவுட்டர் இன்னொன்று இருந்தாலும் கருவிக்கு அது தெரியாது. ஒரு வீட்டில் இப்படி நடந்தால் ஐந்து பேருக்குத் தொல்லை. சேவை நிறுவனத்தின் ரவுட்டரில் நடந்தால் பல்லாயிரம் சந்தாதாரர்கள் ஒரே நேரத்தில் முடங்குவார்கள்.

இதற்குத் தீர்வு பழையதுதான். சிஸ்கோ நிறுவனத்தின் எச்.எஸ்.ஆர்.பி., எல்லா நிறுவனங்களுக்கும் பொதுவான வி.ஆர்.ஆர்.பி. ஆகிய இரண்டு நெறிமுறைகளின் விவரங்களும் 1998இல் பொது ஆவணங்களாக வெளிவந்தன. வகுப்பில் இதைப் படித்தபோது எனக்கு நினைவுக்கு வந்தது தோட்டத்துப் பெரட்டுதான். விடியற்காலையில் ஆட்கள் கூடும் இடம் ஒன்றே. அங்கே மண்டோர் பெயர் கூப்பிட்டு வேலை பிரித்துக் கொடுப்பார். அவர் வராத நாளில் இன்னொருவர் அதே இடத்தில் நிற்பார். ஆட்கள் இடம் மாற வேண்டியதில்லை.

ரவுட்டர்களும் அப்படியே. ஒன்றுக்கு 192.168.1.2, மற்றதற்கு 192.168.1.3 என்று சொந்த முகவரி இருக்கும். 192.168.1.1 என்பது இருவருக்கும் பொது. முன்னுரிமை எண் கூடுதலாக உள்ள ரவுட்டர் அந்தப் பொது முகவரியை ஏற்று, "நான் இருக்கிறேன்" என்று அறிவித்துக்கொண்டே இருக்கும். வி.ஆர்.ஆர்.பி.யில் வழக்கமான இடைவெளி 1 விநாடி. ஏறத்தாழ மூன்றரை விநாடி குரல் கேட்கவில்லை என்றால் இரண்டாவது ரவுட்டர் பொறுப்பை எடுத்துக்கொள்ளும். எச்.எஸ்.ஆர்.பி.யின் வழக்கமான அமைப்பில் 10 விநாடி காத்திருக்கும். மொபைல் லெஜண்ட்ஸ் ஆடுபவர்களுக்கு 10 விநாடியின் விலை தெரியும்.

இதோடு வேலை முடிந்தது என்று நினைத்தால் அங்கேதான் சிக்கல். சாலை வேலையில் மண்வாரி இயந்திரம் ஒன்று முதல் ரவுட்டருக்கு வரும் ஃபைபர் கம்பியை அறுத்துவிடுகிறது என்று வைத்துக்கொள்வோம். ரவுட்டருக்கு மின்சாரம் இருக்கிறது. அது விநாடிக்கு ஒருமுறை "நான் இருக்கிறேன்" என்று சொல்லிக்கொண்டேதான் இருக்கும். இரண்டாவது ரவுட்டரும் அதை நம்பிச் சும்மா இருக்கும். ஆகவே, வெளித்தொடர்பையும் கண்காணிக்கும்படி அமைக்க வேண்டும்: கம்பி அறுந்தால் ரவுட்டர் தன் முன்னுரிமை எண்ணைத் தானே குறைத்துக்கொள்ளும்.

சந்தாதாரர் சேவையில் இன்னொரு தலைவலியும் உண்டு. யார் எந்தக் கணக்கில் உள்நுழைந்திருக்கிறார் என்ற விவரம் முதல் ரவுட்டரின் நினைவகத்தில் இருக்கிறது. அதை இரண்டாவதுடன் முன்கூட்டியே பகிராவிட்டால், முகவரி மாறினாலும் எல்லாரும் மறுபடி உள்நுழைய வேண்டும். ஆயிரக்கணக்கான வீடுகள் ஒரே நிமிடத்தில் கதவைத் தட்டினால், கணக்கைச் சரிபார்க்கும் சர்வர் திணறிவிடும்.

எல்லாவற்றையும் இரட்டையாக வைத்தாலும், இரண்டுக்கும் ஒரே தவறு போய்ச் சேர்ந்தால் பயனில்லை. கனடாவின் ரோஜர்ஸ் நிறுவனத்துக்கு 2022 ஜூலை 8ஆம் தேதி அதுதான் நடந்தது. மேம்பாட்டுப் பணியின்போது ரவுட்டர் அமைப்பில் ஒரு வடிகட்டி நீக்கப்பட்டது. அளவுக்கு மீறிய வழித்தடத் தகவல் மையப் பிணையத்தில் கொட்டியது. கைப்பேசிச் சேவைக்கும் வீட்டு இணையத்துக்கும் மையம் ஒன்றே என்பதால் இரண்டும் சேர்ந்து விழுந்தன. 1 கோடியே 20 இலட்சத்துக்கும் மேற்பட்ட வாடிக்கையாளர்கள் பாதிக்கப்பட்டனர்; பலரால் 911 அவசர எண்ணைக்கூட அழைக்க முடியவில்லை. பழுது பார்க்க வேண்டிய பொறியாளர்களின் தொடர்பும் அதே பிணையத்தை நம்பியிருந்தது! பிறகுதான் இரண்டு சேவைகளின் மையத்தையும் பிரிக்க நிறுவனம் முடிவெடுத்தது.

நம் வீட்டுக்கும் கடைக்கும் இது பொருந்தும். ஒரே கம்பத்தில் வரும் இரண்டு ஃபைபர் இணைப்புகளுக்குப் பணம் கட்டுவதை நான் பரிந்துரைக்க மாட்டேன். ஒன்று ஃபைபர், மற்றது கைப்பேசி சிம் போட்ட ரவுட்டர் என்று இருப்பது மேல். முடிந்தால் இரண்டையும் வெவ்வேறு பேட்டரியில் இணைத்து வையுங்கள்.

இதைப் பழக ரவுட்டர் வாங்க வேண்டியதில்லை. சிஸ்கோவின் பேக்கட் டிரேசர் இலவசம், அதில் எச்.எஸ்.ஆர்.பி. அமைக்கலாம். முதல் ரவுட்டருக்கு 120, இரண்டாவதற்கு 100 என முன்னுரிமை கொடுங்கள். பொறுப்பைப் பறிக்கும் உரிமையை இரண்டிலும் இயக்குங்கள். வெளிக்கம்பி அறுந்தால் 10 குறையும்படி வைத்துக் கம்பியைத் துண்டியுங்கள். 110 இன்னும் 100ஐவிடப் பெரிது, ஒன்றும் மாறாது. பிறகு முதல் ரவுட்டரின் முன்னுரிமையை 100க்கும் 110க்கும் இடையில் ஓர் எண்ணாக மாற்றி மறுபடி துண்டித்துப் பாருங்கள்.