எரிந்தும் அழியாத சென்னை சந்தைகள்!
இடம் மாறும் போதெல்லாம் தவிப்பது யார்?

சென்னையில் எந்த நேரத்தில் பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பினாலும், ஏதாவது ஒரு சந்தை நடந்து கொண்டுதான் இருக்கும். விடிவதற்கு முன்பே கோயம்பேட்டில் காய்கறி மூட்டை இறங்கும். காசிமேட்டில் மீன் ஏலம் களைகட்டும். பொழுது சாய்ந்தால் பாரிமுனை அத்தோ கடைகளில் கூட்டம் மொய்க்கும்.

ஆனால், இங்கே பெரிய சந்தைகள் பலவும் ஒரு முறையாவது வேரோடு பிடுங்கப்பட்டவை!

மூர் மார்க்கெட்

சென்ட்ரல் பக்கத்தில் மின்சார ரெயிலைப் பிடிக்க ஓடுகிறீர்களே, அந்த இடம்தான் பழைய மூர் மார்க்கெட். 1900-ல் திறக்கப்பட்ட சிவப்புக் கட்டிடம். பழைய புத்தகம், கிராமபோன் தட்டு, கிளி, முயல், எது கேட்டாலும் கிடைத்தது. பேரம் பேசத் தெரியாதவர் பாடு திண்டாட்டம்தான்!

1985 மே 30-ந் தேதி பயங்கர தீ. அத்தனையும் சாம்பல். வியாபாரிகளுக்கு அல்லிக்குளம் வளாகத்தில் இடம் கொடுத்தார்கள். மார்க்கெட் போய்விட்டது. பெயர் மட்டும் போகவில்லை. புறநகர் ரெயில் நிலையத்துக்கு இன்றும் 'மூர் மார்க்கெட் காம்ப்ளக்ஸ்' என்றுதான் பெயர்.

கொத்தவால் சாவடி

ஜார்ஜ் டவுனின் குறுகலான தெருக்களில் லாரிகள் திணறின. 1996-ல் காய்கறி மொத்த வியாபாரம் கோயம்பேட்டுக்குப் போனது. 295 ஏக்கர் வளாகம். மொத்த வியாபாரிக்குக் கடை கிடைத்தது. கூடை தூக்கியவருக்கு?

2020 மே மாதம் கொரோனா பரவியதால் கோயம்பேட்டையே மூடினார்கள். காய்கறி திருமழிசைக்குப் போனது. பழம் மாதவரத்துக்குப் போனது. செப்டம்பரில்தான் மீண்டும் கோயம்பேட்டில் காய்கறி வந்து இறங்கியது.

பர்மா பஜார்

1962-ல் பர்மாவில் ராணுவ ஆட்சி வந்தது. பிழைப்பைப் பறிகொடுத்த தமிழர்கள் கப்பலேறி வந்தார்கள். அவர்களுக்காக 1969-ல் பீச் ஸ்டேஷன் எதிரே உருவானதுதான் பர்மா பஜார். சென்ட், வாட்ச், டேப் ரிக்கார்டர் என்று 'பாரின் சாமான்' வாங்க ஊரே அங்கு படையெடுத்த காலம் உண்டு.

கையோடு அவர்கள் கொண்டு வந்த சாப்பாடுதான் அத்தோ. நூடுல்சில் முட்டைக்கோஸ், வெங்காயம், புளித்தண்ணீர் போட்டுக் கையாலேயே பிசைந்து தருவார்கள். கூடவே சுடச்சுட வாழைத்தண்டு சூப். ஆபீஸ் முடிந்து வருகிறவர்களுக்கு இதைவிட வேறென்ன வேண்டும்?

பாண்டி பஜார்

தி.நகரில் பிளாட்பாரக் கடைக்காரர்களை 2013-ல் மாடிக் கட்டிடத்துக்குள் அனுப்பினார்கள். 2019-ல் அகலமான நடைபாதை வந்தது. நடக்கிறவர்களுக்கு நிம்மதி. ஆனால் பிளாட்பார வியாபாரம் போகிறவர் வருகிறவர் கண்ணில் பட்டால்தானே ஓடும்! பத்து ரூபாய் ரிப்பனுக்கு யார் சார் மாடி ஏறுவார்கள்?

சட்டம் என்ன சொல்லுது?

தெரு வியாபாரிகளுக்காக 2014-ல் மத்திய சட்டமே வந்திருக்கிறது. கணக்கெடுப்பு முடியும் முன் யாரையும் அகற்றக் கூடாது. இடம் மாற்றினால் 30 நாள் முன்னதாக நோட்டீஸ் தர வேண்டும். 50 ஆண்டுக்கு மேல் நடக்கும் சந்தைகளைப் பாரம்பரிய சந்தையாகக் காக்கவும் அதில் வழி இருக்கிறது.

சாலையும் வேண்டும், ரெயிலும் வேண்டும். யாரும் மறுக்கவில்லை. அடுத்த முறை ஒரு சந்தையைப் பெயர்க்கும்போது, பெரிய முதலாளிக்குச் சாவி கொடுப்பதற்கு முன், தரையில் சாக்கு விரித்தவருக்கு இடம் எங்கே என்பதையும் முடிவு செய்வார்களா? அதிகாரிகள் கவனிப்பார்களா?