தடம் பார்த்துக் கதை சொன்ன பெரியவர்கள்

தாம்பரத்திலிருந்து வேளச்சேரி போகும் சாலையில் இருக்கிற சேலையூரில் இன்று திரும்பிய பக்கமெல்லாம் அடுக்குமாடிதான். ஐம்பது வருடத்துக்கு முன்பு இந்தப் பக்கம் ஏரிப் பாசனத்தில் நெல் விளைந்த பூமி. பனைமரம், கள்ளிவேலி, வரப்பு, புற்று என்று இருந்த இந்த ஊரில்தான் ரோமுலஸ் விட்டேக்கர் என்ற இளைஞர் முதன்முதலில் ஒரு சின்னப் பாம்புப் பண்ணையை வைத்தார். 1972-இல் அது கிண்டிக்கு இடம் மாறி, இன்றைக்கு எல்லோரும் பிள்ளைகளைக் கூட்டிப்போய்க் காட்டுகிற பாம்புப் பூங்காவாக வளர்ந்தது. அமெரிக்காவில் பிறந்து இந்தியாவில் வளர்ந்த விட்டேக்கருக்கு 2018-இல் பத்மஸ்ரீ கிடைத்தது. பாம்பைத் தேடும் வித்தையில் தனக்கு ஆசான்கள் இருளர்கள்தான் என்பதை அவர் எங்கும் மறைத்ததில்லை. செங்கல்பட்டுச் சீமையின் குடிசைகளில் இருந்த, எழுதப் படிக்கத் தெரியாத அந்தப் பெரியவர்களின் பின்னால் நடந்துதான் அவர் பாம்பின் போக்கைக் கற்றுக்கொண்டார்.

அந்தத் தலைமுறையில் பலர் இப்போது இல்லை. அவர்கள் பெயரில் சிலை கிடையாது, தெரு கிடையாது. ஆனால் பாம்புக்கடிக்கு ஆஸ்பத்திரியில் மருந்து ஏற்றிப் பிழைத்த எந்த விவசாயியின் உடம்பிலும் அவர்கள் உழைப்பில் ஒரு துளி ஓடியிருக்க வாய்ப்பு உண்டு.

மண்ணைப் படிக்கிற கண்

இருளர் பெரியவர் வேட்டைக்குக் கிளம்பினால் கையில் இருப்பது ஒரு சின்னக் கடப்பாறை, தோளில் ஒரு துணிப்பை. அவ்வளவுதான். மகுடி கிடையாது. மகுடி ஊதிப் பாம்பாட்டுகிறவர்கள் வேறு, இவர்கள் வேறு. இரண்டையும் ஒன்றாக்கிப் பேசுவது இன்னும் நம்மிடம் இருக்கிற பழக்கம்.

வரப்பு ஓரம் நடக்கும்போதே கண் மண்ணில் இருக்கும். புழுதியில் லேசாகத் தேய்ந்த ஒரு கோடு, வளை வாயில் வழுவழுப்பான ஓரம், வெள்ளைப் பூச்சு கலந்த எச்சம், முள்ளில் மாட்டிய சட்டைத் துணுக்கு. இதைப் பார்த்தே போனது சாரையா, நல்லதா, எந்தப் பக்கம் போயிருக்கிறது, நேற்றுப் போனதா, இன்று காலையிலா என்று சொல்லிவிடுவார்கள். நாம் அதே இடத்தில் குனிந்து பார்த்தால் வெறும் மண்தான் தெரியும்.

இந்தப் படிப்புக்குப் பள்ளிக்கூடம் கதைதான். நடந்து வந்த களைப்பில் மர நிழலில் உட்கார்ந்ததும், அன்றைய வேட்டையைப் பெரியவர் ஆரம்பத்திலிருந்து சொல்வார். எந்த வளையில் கை வைத்தோம், ஏன் அடுத்த வளையை விட்டோம், கட்டுவிரியன் எப்படி ஏமாற்றியது என்று போகும் அந்தப் பேச்சு. கூடவே பழைய வேட்டைகளும், கடிபட்டவர்களின் கதையும் வரும். இவர்கள் கும்பிடும் கன்னியம்மனும் நடுவில் வந்துபோவாள். பாம்பை அவளோடு சேர்த்தே நினைக்கிறவர்கள் இவர்கள். கேட்டுக்கொண்டிருக்கிற பேரன் பேத்திக்குப் பாடம் நடத்துகிறார்கள் என்ற நினைப்பே இருக்காது. மறுநாள் வயலில் அந்தப் பிள்ளை சரியான வளையின் முன்னால் நிற்கும்.

இந்த வேட்டையில் பெண்களுக்கும் சம பங்கு. புருஷன் தோண்ட, பெண்சாதி அடுத்த வளைவாயில் காவல் நிற்பது சாதாரணம். மூலிகை அறிவு பெரும்பாலும் பெண்களிடமே இருந்தது. 1986-இல் தொடங்கி, செங்கல்பட்டுப் பக்கம் தண்டரையில் இயங்கும் இருளர் பழங்குடிப் பெண்கள் நலச் சங்கம் அந்த அறிவை வைத்துத்தான் மூலிகை வளர்க்கிறது, மருந்து தயாரிக்கிறது.

வயலுக்குச் செய்த வேலை

பாம்பைவிட எலிதான் இவர்களை விவசாயிகளோடு சேர்த்தது. அறுவடை நெருங்கும்போது வரப்பெலி கதிரை வெட்டி வளைக்குள் இழுத்துப்போய் அறை அறையாகச் சேர்த்து வைக்கும். புது மண்ணால் வாயை அடைத்துவிட்டு உள்ளே இருக்கும். அந்த ஈர மண்தான் அடையாளம். ஆள் குடியிருக்கிற வளை அது.

இருளர் குடும்பம் வந்தால் முதலில் வளையின் மற்ற வாய்களைத் தேடிச் சேற்றால் அடைப்பார்கள். அடியில் துளையிட்ட மண்சட்டியில் வைக்கோலையும் பச்சிலையையும் போட்டுப் பற்றவைத்து, சட்டியின் வாயை வளையில் பொருத்தி, துளை வழியாக வாயால் ஊதுவார்கள். புகையில் மயங்கிய எலியைத் தோண்டி எடுப்பார்கள். எலி அவர்கள் குழம்புக்கு, வளைக்குள் இருக்கும் நெல்லும் பெரும்பாலும் அவர்களுக்கே. அந்த நெல்லைக் கழுவிக் காயவைத்துத்தான் பல வீடுகளில் உலை ஏறியது. விவசாயிக்கு விஷ மருந்துச் செலவு இல்லை. செத்த எலியைத் தின்று ஆந்தையும் நாயும் சாகவில்லை.

ஆனால் ஊதியவர்களின் நெஞ்சு புகையால் கெட்டது, உதடு வெந்தது. இரண்டாயிரத்தின் தொடக்கத்தில் திருவள்ளூர், காஞ்சிபுரம் பக்கம் கையால் சுழற்றுகிற இரும்புப் புகைக்கருவி வந்த பிறகுதான் ஊதாமல் எலி பிடிக்க முடிந்தது. எத்தனை தலைமுறை ஊதிய பிறகு!

தோலில் இருந்து விஷத்துக்கு

ஒரு காலத்தில் இவர்கள் பிழைப்பு பாம்புத் தோலில்தான் ஓடியது. தோல் கடல் கடந்து போய்ப் பையும் செருப்பும் ஆனது. லாபம் வியாபாரிக்கு, பிடித்தவருக்குச் சில்லறை. 1972-இல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. அடுத்த சில ஆண்டுகளில் தோல் ஏற்றுமதியும் தடைபட்டது. சட்டம் நல்ல சட்டம்தான். ஆனால் வேட்டையைத் தவிர வேறு தொழில் தெரியாத குடும்பங்களின் அடுப்பு ஒரே நாளில் அணைந்தது. மாற்று வழி என்ன என்று முதலில் யாரும் கேட்கவில்லை.

விட்டேக்கரும் இருளர் பெரியவர்களும் சேர்ந்து கண்ட வழிதான் 1978-இல் பதிவான இருளர் பாம்புபிடிப்போர் தொழிற்கூட்டுறவுச் சங்கம். கிழக்குக் கடற்கரைச் சாலையில் வடநெம்மேலி முதலைப் பண்ணை வளாகத்தில் இருக்கிறது. பாம்பைக் கொல்லாமல் பிடித்து, விஷத்தை மட்டும் எடுத்து, திரும்பக் காட்டில் விடுவதுதான் திட்டம்.

நல்லபாம்பு, கட்டுவிரியன், கண்ணாடிவிரியன், சுருட்டைவிரியன் ஆகிய நாலும்தான் இங்கே வரும். மணல் போட்ட மண்பானையில் விட்டுத் துணியால் வாயைக் கட்டி வைக்கிறார்கள். வாரத்துக்கு ஒருமுறை என்று சில வாரம் விஷம் எடுத்ததும், வயிற்றுச் செதிலில் அடையாளம் வெட்டி விட்டுவிடுவார்கள். அடையாளம் இருந்தால் அதே பாம்பு உடனே மறுபடி பானைக்கு வராது. எடுத்த விஷத்தை உலரவைத்து மருந்துக் கம்பெனிகளுக்கு அனுப்ப, அங்கே குதிரைக்குச் சிறிது சிறிதாக ஏற்றி, அதன் ரத்தத்திலிருந்து விஷமுறிவு மருந்து தயாராகிறது. நாட்டில் தயாராகும் இந்த மருந்துக்கு வேண்டிய விஷத்தில் பெரும்பகுதி பல வருடமாக இந்தப் பானைகளிலிருந்துதான் போகிறது.

இந்தியாவில் 2000 முதல் 2019 வரை வருடத்துக்குச் சராசரியாக 58,000 பேர் பாம்புக்கடியில் இறந்திருக்கிறார்கள் என்று 2020-இல் வெளியான ஆய்வு சொல்கிறது. அதில் பெரும்பாலோர் கிராமத்து ஜனங்கள். தமிழக அரசு 2024 நவம்பரில் பாம்புக்கடியை ஆஸ்பத்திரிகள் கட்டாயம் தெரிவிக்க வேண்டியவற்றில் சேர்த்தது. கடித்த இடத்தை அறுப்பது, உறிஞ்சுவது, இறுக்கிக் கட்டுவது எதுவும் வேண்டாம். கையோ காலோ அசையாமல் வைத்து, 108-ஐக் கூப்பிட்டு நேரே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். ராத்திரி தரையில் படுத்தவருக்குக் கட்டுவிரியன் கடித்தால் வலியே தெரியாமல் இருக்கலாம். விடியலில் வயிற்றுவலி, கண் இமை சரிவது என்று வந்தால் அலட்சியம் செய்யக்கூடாது.

கடல் தாண்டிய வித்தை

அந்தப் பெரியவர்களிடம் கற்ற தலைமுறையைச் சேர்ந்தவர்கள் மாசி சடையனும் வடிவேல் கோபாலும். செங்கல்பட்டு மாவட்டம் சென்னேரிக்காரர்கள். 2017 ஜனவரியில் அமெரிக்காவின் ஃபுளோரிடா மாநிலம் இவர்களை அழைத்தது. அங்கே வீட்டில் வளர்த்துக் காட்டில் விட்ட பர்மா மலைப்பாம்புகள் பெருகி, முயல், மான் என்று எல்லாவற்றையும் தின்று தீர்த்துக்கொண்டிருந்தன. அதற்கு முந்தைய வருடம் ஆயிரம் பேர் கலந்துகொண்ட ஒரு மாத வேட்டைப் போட்டியில் பிடிபட்டவை 106 பாம்புகள். நம் ஊர்க்காரர்கள் இருவரும் முதல் எட்டு நாளில் 13 பிடித்தார்கள். அதில் ஒன்று பழைய ஏவுகணைத் தளத்தின் இடிபாட்டுக்குள் பதுங்கியிருந்த 16 அடிப் பெண் பாம்பு. மலைப்பாம்பு இவர்கள் அன்றாடம் பிடிக்கிற பாம்பு அல்ல, ஊரும் புதிது. மண்ணும் எச்சமும் சொன்ன சேதி மட்டும் பழையதாகவே இருந்தது. 2023-இல் இருவருக்கும் பத்மஸ்ரீ கிடைத்தது.

விருது வந்த சமூகத்தில் இன்னும் பல வீட்டுக்குப் பட்டா இல்லை. சாதிச் சான்றிதழுக்கு அலைந்து படிப்பை விட்ட பிள்ளைகள் உண்டு. செங்கல் சூளையிலும் அரிசி ஆலையிலும் முன்பணம் வாங்கிக் கொத்தடிமையாய்க் கிடந்து மீட்கப்பட்டவர்கள் உண்டு. சங்கம் எத்தனை பாம்பு பிடிக்கலாம் என்பது வனத்துறை தரும் அனுமதியைப் பொறுத்தது. அது தாமதமானால் பானைகள் காலியாகக் கிடக்கும்.

வேட்டை நிலமும் சுருங்கிவிட்டது. மாடம்பாக்கம், அகரம்தென், முடிச்சூர் பக்கமெல்லாம் வயல் மனையானது. எலி இருந்த வரப்பு போனால் எலி வீட்டுக் கிடங்குக்கு வரும், பின்னாலேயே பாம்பும் வரும். அதைப் பிடிக்கத் தெரிந்தவர் கட்டட வேலைக்குப் போயிருப்பார். அவர் மகனுக்கு மண்ணைப் படிக்க நேரம் இல்லை. வயல் இருக்கிற ஊர்களில், அறுவடைக்கு முன்பு எலி மருந்து வாங்கக் கடைக்குப் போகிறவர்கள், பக்கத்து இருளர் குடியிருப்பில் ஒரு வார்த்தை கேட்டுப் பார்க்கலாம். நியாயமான கூலி பேசி, வளை நெல்லையும் அவர்களுக்கே விட்டால் போதும்.

வருடத்தில் ஒருமுறை, மாசி மகத்துக்கு, பல மாவட்டத்து இருளர்கள் மாமல்லபுரம் கடற்கரையில் கூடுகிறார்கள். மணலில் குச்சி நட்டுத் துணி கட்டிக் கூடாரம் போட்டுத் தங்கி, விடியலில் கன்னியம்மனைக் கும்பிடுவார்கள். பிள்ளைகளுக்கு மொட்டை போடுவது, பெண் கேட்பது, கல்யாணம் எல்லாம் அங்கேயே நடக்கும். பெரியவர்களைச் சுற்றிப் பிள்ளைகள் மணலில் உட்கார, எந்த வளையில் எது இருந்தது என்ற பேச்சு அந்த பௌர்ணமி ராத்திரி முழுக்க ஓடும்.