அவரே சொல்லிவிட்டாரே!

"அவரே சொல்லிவிட்டாரே, அப்புறம் என்ன?"

இந்த ஒரு வாக்கியம் நம் வீடுகளில் எத்தனை விவாதங்களை முடித்து வைத்திருக்கிறது! வாங்கும் சோப்பிலிருந்து போடும் ஓட்டு வரை, பிள்ளைக்குக் கொடுக்கும் டானிக்கிலிருந்து பெண்ணின் மேல்படிப்பு வரை, யாரோ ஒரு பிரபலஸ்தரின் அபிப்பிராயம் நம் கூடத்தில் சட்டமாக வந்து உட்கார்ந்துகொள்கிறது. அவர் பெரிய மனிதர்தான், சந்தேகமில்லை. ஆனால் இந்த விஷயம் அவருக்குத் தெரியுமா? அதை மட்டும் யாரும் கேட்பதில்லை.

கேட்காமல் விட்டால் என்ன ஆகும் என்பதற்கு ஒரு வேடிக்கையான உண்மைக் கதை இருக்கிறது.

தேவதைகள் வந்த கதை

1917-ம் வருஷம். இங்கிலாந்தில் பிராட்போர்டு நகரத்துக்கு அருகே காட்டிங்லி என்று ஒரு சிற்றூர். எல்ஸி ரைட் என்ற பெண்ணுக்கு வயது 16. அவள் தாயாரின் சகோதரி மகள் பிரான்ஸிஸுக்கு வயது 9. வீட்டுக்குப் பின்னால் ஓடும் ஓடையில் விளையாடப் போவார்கள். அங்கே தேவதைகளைப் பார்ப்பதாக வீட்டில் சொன்னார்கள். ஒரு நாள் எல்ஸியின் தகப்பனாரிடம் காமிராவை வாங்கிக்கொண்டு போனார்கள். படத்தைக் கழுவிப் பார்த்தால், பிரான்ஸிஸின் முகத்துக்கு எதிரே சிறகு முளைத்த குட்டித் தேவதைகள் நடனமாடிக்கொண்டிருந்தன!

தகப்பனார் நம்பவில்லை. அவர் மின்சார வேலை செய்பவர். தம் பெண் நன்றாகப் படம் வரைவாள், போட்டோக் கடையிலும் கொஞ்ச நாள் வேலை பார்த்தவள் என்பதெல்லாம் அவருக்குத் தெரியும். இது பெண்களின் விளையாட்டு என்று தீர்மானித்து விட்டார்.

அந்தப் படங்கள் பல கைகள் மாறி ஸர் ஆர்தர் கானன் டாயிலிடம் போய்ச் சேர்ந்தன. ஆம், ஷெர்லாக் ஹோம்ஸைப் படைத்தவரேதான்! சிகரெட் சாம்பலைப் பார்த்தே குற்றவாளியைக் கண்டுபிடிக்கும் துப்பறியும் சிங்கத்தை உருவாக்கியவர், படிப்பால் டாக்டர். ஆனால் அந்தக் காலத்தில் அவர் ஆவி உலகத்தில் ஆழ்ந்த நம்பிக்கை கொண்டிருந்தார். 1920 டிசம்பரில் 'ஸ்ட்ராண்ட்' பத்திரிகையில் தேவதைகளைப் பற்றிக் கட்டுரை எழுதினார். 1922-ல் ஒரு புத்தகமே போட்டார். சிரித்தவர்களும் உண்டு. ஆனால், 'ஹோம்ஸின் ஆசிரியரை ஏமாற்ற முடியுமா?' என்று நம்பியவர்களும் ஏராளம்.

உண்மை வெளிவந்தது 1983-ல்! அட்டையில் வரைந்து, வெட்டி, தொப்பி ஊசியால் நிறுத்தி வைத்த பொம்மைகள் அவை என்று, கிழவிகளாகிவிட்ட அந்த இருவரும் ஒப்புக்கொண்டார்கள். கடைசிப் படம் ஒன்று மட்டும் நிஜம் என்று பிரான்ஸிஸ் சாதித்தது வேறு விஷயம். பொம்மைகளுக்கு மாதிரி எங்கிருந்து கிடைத்தது தெரியுமா? குழந்தைகளுக்கான ஒரு கதைத் தொகுப்பிலிருந்து. அதே தொகுப்பில் கானன் டாயிலின் கதையும் இருந்தது!

இத்தனை வருஷம் ஏன் வாய் திறக்கவில்லை? அவ்வளவு பெரிய மனிதரை ஏமாற்றிவிட்ட பிறகு உண்மையைச் சொல்ல வெட்கமாயிருந்ததாம். பெரியவரின் வார்த்தை ஊரை நம்ப வைத்ததோடு நிற்கவில்லை. உண்மை தெரிந்தவர்களின் வாயையும் அடைத்துவிட்டது.

ஒளிவட்டம் செய்யும் மாயம்

இது ஏன் நடக்கிறது? எட்வர்டு தார்ண்டைக் என்ற அமெரிக்க மனோதத்துவ நிபுணர் 1920-ல் ஒரு விசித்திரத்தைக் கவனித்தார். ராணுவ அதிகாரிகள் தங்கள் கீழிருப்பவர்களுக்கு உடற்கட்டு, அறிவு, தலைமைக் குணம், நடத்தை என்று தனித்தனியாக மதிப்புப் போட்டிருந்தார்கள். ஒன்றில் உயர்ந்த மதிப்புப் பெற்றவன் மற்றவற்றிலும் உயர்ந்தே நின்றான்! ஒரு நல்ல குணத்தின் வெளிச்சம் மற்றவற்றின் மேலும் விழுந்துவிடுகிறது. ஸ்வாமி படத்தில் தலையைச் சுற்றி இருக்குமே, அந்த ஒளிவட்டத்தின் பெயரைத்தான் அவர் இதற்கு வைத்தார்.

விளம்பரக்காரர்களுக்கு இந்த ரகசியம் நன்றாகத் தெரியும். 1941-லேயே லக்ஸ் சோப்பு விளம்பரத்தில் நடிகை லீலா சிட்னிஸ் தோன்றினார். முக அழகு சோப்பால் வந்ததா, பிறவியில் வந்ததா என்று யார் கேட்டார்கள்?

ஜலதோஷமும் நோபல் பரிசும்

சோப்போடு போனால் சிரித்துவிட்டுப் போகலாம். உடம்பு விஷயத்துக்கு வந்தால்?

லைனஸ் பாலிங் மகா மேதை. 1954-ல் ரசாயனத்துக்கும், 1962-ம் வருஷத்துக்கான சமாதானத்துக்கும் நோபல் பரிசு பெற்றவர். இரண்டு நோபல் பரிசுகளை யாரோடும் பங்கிடாமல் பெற்றவர் அவர் ஒருவர்தான். அவர் 1970-ல் எழுதிய புத்தகத்தில், வைட்டமின் சி-யை ஏராளமாகச் சாப்பிட்டால் ஜலதோஷம் அண்டாது என்றார். மக்கள் மருந்துக் கடைகளை மொய்த்தார்கள். பிற்காலத்தில் பல சோதனைகளைச் சேர்த்துப் பார்த்ததில், தினமும் சாப்பிடுகிற சாதாரண மனிதர்களுக்கு ஜலதோஷம் வருவது குறையவில்லை; வந்தது சற்றுச் சீக்கிரம் போயிற்று, அவ்வளவுதான். புற்றுநோய்க்கும் அது கைகொடுக்கும் என்றார். மேயோ கிளினிக் 1979-லும் 1985-லும் வெளியிட்ட சோதனைகளில், வாய்வழியாகக் கொடுத்த வைட்டமின் சி-யால் பலன் தெரியவில்லை.

ரசாயனத்தில் அவர் சொன்னது வேத வாக்கு. ஆனால் அந்தக் கீர்த்தி ஜலதோஷத்துக்குச் செல்லுபடியாகவில்லை. ஆனைக்கும் அடி சறுக்கும். ஆனையின் பின்னால் போகிற நாமும் சேர்ந்து சறுக்க வேண்டுமா?

மூன்று கேள்விகள்

நம் நாட்டில் 2019-ம் வருஷத்து நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், பொய்யான விளம்பரத்தில் தோன்றும் பிரபலஸ்தருக்கும் 10 லட்சம் ரூபாய் வரை அபராதம் விதிக்க இடம் தருகிறது. மறுபடி செய்தால் 50 லட்சம் வரை. நல்ல ஏற்பாடுதான். ஆனால் ஒவ்வொரு வீட்டு வாசலிலும் சட்டம் வந்து காவல் நிற்குமா? அந்தக் காவலை நாம்தான் போட வேண்டும்.

அதற்கு மூன்று கேள்விகள் போதும். இவருக்குப் பெயர் வந்தது இந்த விஷயத்திலா, வேறொன்றிலா? இதைச் சொல்வதில் இவருக்கு வரும்படி உண்டா? பெயர் தெரியாத ஒருவர் இதையே சொன்னால் நாம் நம்புவோமா?

பெரியவர்களை மதிக்க வேண்டாம் என்று நாம் சொல்லவில்லை. சங்கீதத்தைப் பற்றி வித்வான் சொல்லட்டும், தலை வணங்கிக் கேட்போம். ஆனால் குழந்தையின் காய்ச்சலைப் பற்றி, குழந்தையைத் தொட்டுப் பார்த்த டாக்டர் சொல்வதே பெரிது; இரவெல்லாம் விழித்து அருகிலிருந்த தாயார் சொல்வதும் பெரிது. யார் சொன்னாலும் அதில் உண்மை எது என்று பார்க்கச் சொன்னவர் நம் வள்ளுவர்.

காட்டிங்லி கிராமத்திலே உலகப் புகழ் பெற்ற எழுத்தாளருக்குத் தெரியாதது, ஊர் பேர் தெரியாத மின்சாரத் தொழிலாளிக்குத் தெரிந்திருந்தது. காரணம் பெரிய ரகசியம் இல்லை. அவருக்குத் தம் பெண்ணைத் தெரியும்!