பனியில் நின்ற வண்டியில் பதுங்கியிருக்கும் யமன்

டிசம்பர் பிறந்துவிட்டால் லேக் மார்க்கெட்டில் முருங்கைக்காய் விலையைவிட அதிகமாக அடிபடுவது காங்டாக் பயணம்தான். ரயில்வேக்காரன் என்று தெரிந்தால் போதும், "டார்ஜிலிங் மெயிலில் இடம் கிடைக்குமா சார்?" என்று கறிகாய்க் கடை வாசலிலேயே பிடித்துக் கொள்வார்கள். அப்படி ஒரு ஞாயிறன்று என்னைப் பிடித்துக் கொண்டவர் ஒரு வங்கி குமாஸ்தா, தஞ்சாவூர்க்காரர். மனைவி, இரண்டு குழந்தைகளோடு நாதுலா கணவாய் வரை போய்ப் பனியைப் பார்த்துவிட வேண்டுமாம். கம்பளி, குரங்குக் குல்லாய், காபிப் பொடி எல்லாம் தயார்.

"வழியில் பனி கொட்டி வண்டி நின்றுவிட்டால்?" என்று கேட்டேன்.

"என்ன சார், கண்ணாடியை ஏற்றிவிட்டு ஹீட்டரைப் போட்டுக்கொண்டு உட்கார வேண்டியதுதான்" என்றார், சிரித்துக் கொண்டே.

2022ஆம் ஆண்டு ஜனவரி 7ஆம் தேதி இரவு, பாகிஸ்தானில் முர்ரீ என்ற மலைவாசஸ்தலத்துக்குப் போனவர்கள் செய்ததும் அதுதான். பனி பார்க்கக் கூட்டம் கூட்டமாகக் கார்களில் வந்தவர்கள். நாலடி உயரத்துக்குப் பனி கொட்டியது. மரங்கள் முறிந்து பாதையை அடைத்தன. முன்னேயும் போக முடியாமல், பின்னேயும் திரும்ப முடியாமல் ஆயிரக்கணக்கான வண்டிகள் நின்றன. பொழுது விடிந்தபோது 22 பேர் பிணமாகக் கிடந்தார்கள். அவர்களில் பத்துப் பேர் குழந்தைகள். ஒரு போலீஸ்காரர் குடும்பத்தோடு போயிருந்தார். அவரையும் சேர்த்து அந்த ஒரு குடும்பத்திலேயே எட்டுப் பேர்.

எல்லோரும் குளிரில் விறைத்துப் போனார்கள் என்றுதான் முதலில் பேச்சு. ஆனால் பலரது உயிரைக் குடித்தது கார்பன் மோனாக்சைடு என்ற நச்சு வாயு.

நடப்பது இதுதான். காரின் புகைக்குழாய் பின்புறம், தரையை ஒட்டி இருக்கிறது. பனி ஓரடி, ஒன்றரை அடி ஏறினாலே அதன் வாய் மூடிவிடும். என்ஜின் ஓடிக் கொண்டிருந்தால் வெளியேற வழியில்லாத புகை வண்டியின் அடியில் தேங்கி, சந்துபொந்துகள் வழியாக உள்ளே வருகிறது. இந்த வாயுவுக்கு நிறமில்லை, மணமில்லை. ரத்தத்தில் பிராணவாயு ஏற வேண்டிய இடத்தை இது பிடித்துக் கொள்ளும். பிராணவாயுவைவிட இருநூறு மடங்குக்கு மேல் இறுக்கமாக ஒட்டிக் கொள்ளும். முதலில் தலைவலி, பிறகு குமட்டல், பிறகு தூக்கம். அந்தத் தூக்கத்திலிருந்து பலர் எழுந்திருப்பதில்லை. நாதுலா போன்ற உயரத்தில் இன்னொரு சங்கடம் உண்டு. தலைவலியும் குமட்டலும் வந்தால், "மலை ஏறியதால் வந்த கோளாறு, சற்றுத் தூங்கினால் சரியாகிவிடும்" என்று பக்கத்திலிருப்பவரே சொல்லிவிடுவார்.

காரே ஏறாதவர்களும் இதைக் கவனிக்க வேண்டும். ஒரே அறையில் நாலைந்து பேர் தங்கி வேலைக்குப் போகும் நம்மவர்கள், தை மாதக் குளிருக்குக் குமுட்டி அடுப்பை உள்ளே வைத்துக் கதவைச் சாத்திக் கொள்வதைப் பார்த்திருக்கிறேன். "புகை அடங்கிவிட்டது, இனிப் பயமில்லை" என்பார்கள். கண்ணுக்குப் புகை தெரியாமல் கரி செக்கச்செவேலென்று கனன்று கொண்டிருக்கும்போதும் இதே வாயுதான் வந்து கொண்டிருக்கிறது.

நாதுலாவுக்கு வருவோம். ஏறக்குறைய 14,000 அடி உயரம். 2018 டிசம்பர் 28ஆம் தேதி, அங்கிருந்து திரும்பிய முந்நூறு, நானூறு வண்டிகள் பனியில் சிக்கிக் கொண்டன. சுமார் 2,500 பேர். நம் ராணுவத்தார் அவர்களை வண்டிகளிலிருந்து இறக்கி, பதினேழாவது மைல் முதலிய இடங்களில் இருந்த தங்கள் முகாம்களுக்குக் கொண்டு போனார்கள். படுக்கையும் கம்பளியும் சூடான சாப்பாடும் கொடுத்தார்கள். முர்ரீயில் கொட்டியதும் பனிதான், இங்கே கொட்டியதும் பனிதான். இங்கே ஜனங்கள் இரவு முழுவதும் மூடிய வண்டிக்குள் கிடக்க நேரவில்லை. அதுதான் பிழைக்க வைத்தது.

ஜவான்கள் வந்து சேரும்வரை என்ன செய்வது என்றுதான் நண்பர் கேட்டார். புயலில் வண்டியை விட்டு இறங்கி நடந்து போகக் கூடாது. பத்தடிக்கு அப்பால் திசை தெரியாது. முகாமோ வீடோ கண்ணெதிரே தெரிந்தால் மட்டும் போகலாம். புகைக்குழாயைச் சுற்றியுள்ள பனியை அடிக்கடி வாரி எறிய வேண்டும். அதன் பிறகே என்ஜினைப் போடலாம், அதுவும் மணிக்குப் பத்து நிமிஷம். காற்று அடிக்காத பக்கத்துக் கண்ணாடியை விரலளவு இறக்கி வைக்க வேண்டும். ஒருவர் மாற்றி ஒருவர் விழித்திருக்க வேண்டும். யாருக்காவது தலை சுற்றினால் என்ஜினை நிறுத்து, கதவைத் திற. குளிர் வந்தாலும் வரட்டும். புறப்படும்போதே டாங்க் நிறைய டீசல் இருக்கிறதா என்று டிரைவரைக் கேட்பதில் வெட்கம் ஒன்றுமில்லை. பிற்பகலில் மேகம் கறுத்தால், கொடுத்த பணம் போனாலும் போகிறதென்று திரும்பிவிட வேண்டும். நம்மவர்களுக்கு இதுதான் மிகவும் கஷ்டமான காரியம்!

"பனியை வார மண்வெட்டிக்கு எங்கே போவது? வாடகை வண்டியாயிற்றே" என்றார் நண்பர்.

கூடை நிறையக் கீரையோடு அதுவரை பேசாமல் நின்றிருந்த அவர் மனைவி, "இரண்டு எவர்சில்வர் தட்டு எடுத்து வைத்துவிடுகிறேன்" என்றார்.