மக்கிய கிடுகை மாற்றுவோர்

அப்டன் பார்க்கில் கிறீன் வீதியை அண்டி வாழும் எம்மவர் இல்லங்களில், பாடசாலை விட்டு வந்த பிள்ளைகள் கணனித் திரையினுள் வேறோர் உலகிற் புகுந்து விடுகின்றனர். அங்கே வீடு கட்டுகின்றனர், தோழரைச் சந்திக்கின்றனர். பெற்றோர் அதனை வெறும் விளையாட்டெனக் கருதுவதுண்டு. ஆயினும் அவ்வீடுகள் யாருடைய காணியில் நிற்கின்றன என்று நாம் கேட்டுப் பார்த்தல் நன்று. சிறுவர் பெரிதும் விரும்பிய 'கிளப் பெங்குயின்' என்னும் உலகை அதன் உரிமையாளரான டிஸ்னி நிறுவனம் 2017 மார்ச்சில் மூடியது. பிள்ளைகள் அலங்கரித்த பனிவீடுகளும் அத்துடன் மறைந்தன.

வேறொரு வழியும் உண்டு. அமெரிக்காவின் லிண்டன் லாப் நிறுவனம் 2003 இல் 'செக்கன்ட் லைஃப்' என்ற மெய்நிகர் உலகைத் திறந்தது. அதனுள் நுழைவதற்கான மென்பொருளின் மூலநிரலை 2007 ஜனவரியில் வெளியிட்டது. உலகைத் தாங்கி நிற்கும் சேவையகத்தின் நிரலை வெளியிடவில்லை. அதற்கு ஈடானதொரு சேவையகத்தைத் தாமே எழுதத் தன்னார்வலர் சிலர் முற்பட்டனர். டரன் கார்ட் என்பவர் அதே ஆண்டில் தொடக்கி வைத்த அம்முயற்சியே 'ஓப்பன் சிமியுலேற்றர்'. இதனை எவரும் இலவசமாகப் பெறலாம்; திருத்தலாம்; தமது கணனியிலேயே ஓர் உலகை நடத்தலாம்.

ஆனால் பலர் கைபட்ட நிரல் நாளடைவிற் சிக்கலாகும். ஓரிடத்திற் செய்த திருத்தம் வேறோரிடத்தைக் குலைக்கும். ஆகவே வெளியே தெரியும் செயற்பாட்டை மாற்றாது உள்ளமைப்பை ஒழுங்குபடுத்த வேண்டியுள்ளது. இதனை மறுசீரமைப்பு என்பர். யாழ்ப்பாணத்து வேலி அடைப்பை அறிந்தோருக்கு இது புதிதன்று. எல்லை ஓர் அங்குலமும் நகராது. கதியால் நின்ற இடத்தில் நிற்கும். மக்கிய கிடுகு மட்டுமே மாறும்.

ஓப்பன் சிமியுலேற்றரில் பயனாளர், நிலவரை, பொருட்கள், உடைமைகள், செய்திகள் ஆகியவற்றைக் கவனிக்க முன்னர் வெவ்வேறு சேவையகங்கள் இருந்தன. 2010 இல் வந்த 0.7 பதிப்பில் அவை 'றொபஸ்ற்' என்ற ஒரே கூட்டினுள் அடக்கப்பட்டன. இப்போது அவற்றை ஒன்றாகவும் இயக்கலாம். பளு கூடினால் பிரித்தும் இயக்கலாம். சிறு குழுவொன்று தனக்கென ஓர் உலகை நடத்துவது இதனால் இலகுவாயிற்று. 2008 இல் கலிபோர்னியப் பல்கலைக்கழகப் பேராசிரியர் கிறிஸ்டினா லோப்பெஸ் உருவாக்கிய 'ஹைப்பர்கிறிட்' மூலம் ஓர் உலகத்தவர் தம் பெயரோடும் உடைமைகளோடும் இன்னோர் உலகுக்குச் சென்று மீளவும் முடிகிறது. விசாவுக்காகக் காத்திருந்து பழகிய எமக்கு இதன் அருமை சொல்லாமலே விளங்கும்.

இம்மென்பொருளில் ஒரு நிலப்பரப்பை அதன் கட்டடங்களோடு ஒரே கோப்பாகப் பிரதியெடுத்து வைக்கலாம். ஆனால் இன்று எடுக்கும் பிரதியை நாளைய நிரல் திறக்க மறுத்தால் பயன் என்ன? பிரதி இல்லாமையின் விலையை நாம் அறிவோம். 1981 இல் யாழ் பொது நூலகத்தோடு எரிந்த ஏறத்தாழ 97,000 நூல்களுட் சிலவற்றுக்கு வேறு பிரதி இருக்கவில்லை. எரிந்த நூலகத்தையோ இழந்த கிராமத்தையோ எம் பிள்ளைகள் ஒருநாள் இத்தகைய உலகில் எழுப்பக்கூடும். அது நிலைப்பது, பழையதைக் கெடுக்காது நிரலைப் புதுப்பிப்போர் கையிலேயே தங்கியுள்ளது.

அத்தகையோர் எங்கும் குறைவு. புதியதை எழுதுவோருக்குக் கிடைக்கும் புகழ் பழையதைப் பேணுவோருக்குக் கிடைப்பதில்லை. இந்நிரலோ 'சி ஷார்ப்' என்னும் மொழியில் எழுதப்பட்டு எவரும் வாசிக்கக் கிடக்கிறது. அதனைக் கற்க அனுமதிக் கட்டணமில்லை. வதிவிட அனுமதியும் வேண்டியதில்லை. வழக்கு முடிவை எதிர்பார்த்து நாட்களைக் கடத்தும் இளைஞரும், பல்கலைக்கழகம் செல்லும் எம் பிள்ளைகளும் அதன் ஒரு பகுதியையேனும் வாசித்துப் பார்க்கட்டும். பிறர் அடைத்த வேலிக்குள் குடியிருக்கும் நாம், வேலி அடைக்கவும் கற்றுக்கொள்வோம்.