விமானத்தின் எதிரி ஒரு சொம்புத் தண்ணீர்!

2024-ம் ஆண்டு அக்டோபர் 11-ந் தேதி. ஆயுத பூசை நாள்.

மாலை 5.40 மணி அளவில் திருச்சி விமான நிலையத்தில் இருந்து சார்ஜாவுக்கு ஒரு விமானம் கிளம்பியது. அதில் 140 பேருக்கு மேல் இருந்தனர். மேலே ஏறியதும் 'ஹைட்ராலிக்' அமைப்பில் கோளாறு என்று விமானிகளுக்குத் தெரிந்தது. சக்கரங்களையும் இறக்கைத் தகடுகளையும் திரவத்தின் அழுத்தத்தால் அசைக்கும் அமைப்பு அது.

உடனே இறங்கிவிடலாமே என்று கேட்பீர்கள். முடியாது! தொட்டியில் சார்ஜா வரை போவதற்கான எண்ணெய் இருந்தது. அந்தக் கனத்தோடு இறங்குவது ஆபத்து. எண்ணெய் எரிந்து கனம் குறைய வேண்டும். ஆகவே, விமானம் வானத்திலேயே வட்டமிட்டது. ஒரு சுற்று, இரண்டு சுற்று அல்ல. சுமார் 2½ மணி நேரம்!

கீழே ஆம்புலன்சுகளும் தீயணைப்பு வண்டிகளும் தயாராக நின்றன. டெலிவிஷன் முன்னால் உட்கார்ந்து ஊரே கும்பிட்டது. இரவு 8.15 மணி அளவில் விமானம் பத்திரமாகத் தரை இறங்கியது. யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை.

அந்த 2½ மணி நேரமும் எஞ்சின்கள் ஓடிக்கொண்டே இருந்தன. அவை நின்றிருந்தால்?

காரில் கோளாறு என்றால் ஓரமாக நிறுத்தலாம். ஆகாயத்தில் ஓரம் ஏது? எஞ்சின் நிற்காமல் ஓட வேண்டுமானால், அதற்குப் போகும் எண்ணெய் சுத்தமாக இருக்க வேண்டும். அதைச் சுத்தமாக வைத்திருப்பது எப்படி? அதற்கு எத்தனை காவல், எத்தனை சோதனை தெரியுமா?

மாட்டு வண்டியில் வந்த பெட்ரோல்

முதலில் ஒரு பழைய கதை.

1932-ம் ஆண்டு அக்டோபர் 15-ந் தேதி ஜே.ஆர்.டி. டாட்டா, தபால் மூட்டையுடன் ஒரு சிறிய விமானத்தைக் கராச்சியில் இருந்து பம்பாய்க்கு ஓட்டிச் சென்றார். வழியில் ஆமதாபாத்தில் இறங்கினார். அங்கே அவருக்குப் பெட்ரோல் வந்தது எப்படி? 4 காலன் டின்களில், மாட்டு வண்டியில்!

பம்பாயில் இருந்து சென்னை வரை நெவில் வின்சென்ட் அந்தத் தபாலைக் கொண்டு வந்தார். 1938-ம் ஆண்டில் அந்தத் தபால் விமானப் பாதை திருச்சிக்கும், கடல் தாண்டிக் கொழும்புக்கும் நீண்டது.

அந்தக் காலத்தில் பெட்ரோலைப் பதனிட்ட மெல்லிய தோலில் வடிகட்டி ஊற்றுவார்கள். பெட்ரோலில் நனைந்த தோல், பெட்ரோலை மட்டும் கீழே விடும். தண்ணீரைத் தடுத்து மேலேயே நிறுத்திவிடும். தண்ணீர்தான் பெரிய எதிரி என்பது அன்றைக்கே தெரிந்த விஷயம்.

இன்று திருச்சி விமான நிலையம் எங்கேயோ போய்விட்டது. 2024-ம் ஆண்டில் புதிய முனையம் திறக்கப்பட்டது. சிங்கப்பூர், கோலாலம்பூர், கொழும்பு, துபாய், சார்ஜா என்று விமானங்கள் பறக்கின்றன. மாட்டு வண்டி போய் டேங்கர் லாரி வந்துவிட்டது. ஆனால் எதிரி மட்டும் மாறவில்லை!

விமானம் குடிப்பது என்ன?

ஜெட் விமானம் குடிப்பது பெட்ரோல் அல்ல. மண்எண்ணெய் இனத்தைச் சேர்ந்த எண்ணெய்தான். 'ஜெட் ஏ-1' என்று பெயர். அடுப்பு மண்எண்ணெய்க்கு அண்ணன் என்று வைத்துக் கொள்ளுங்கள். ஆனால் மிகவும் கண்டிப்பாகச் சுத்தம் செய்யப்பட்ட அண்ணன்!

ஏன் அவ்வளவு கண்டிப்பு?

ஸ்ரீரங்கம் ராஜகோபுரத்தின் உயரம் 236 அடி. அதைப்போல் 150 கோபுரங்களை ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கினால் எவ்வளவு உயரமோ, ஏறத்தாழ அந்த உயரத்தில் விமானம் பறக்கிறது. அதாவது 35,000 அடி. அங்கே வெளியில் பூஜ்யத்துக்குக் கீழே 50 டிகிரிக்கும் மேற்பட்ட குளிர். அந்தக் குளிரிலும் எண்ணெய் உறையாமல் ஓட வேண்டும். பூஜ்யத்துக்குக் கீழே 47 டிகிரி வரை உறையக் கூடாது என்பது ஜெட் ஏ-1 எண்ணெய்க்கு விதி.

எண்ணெய் உறையாது. ஆனால் அதில் ஒளிந்திருக்கும் தண்ணீர் உறைந்துவிடுமே! பனிக்கட்டி ஆகுமே! குழாயை அடைக்குமே!

2008-ம் ஆண்டு ஜனவரி 17-ந் தேதி அப்படித்தான் நடந்தது. பீக்கிங்கில் இருந்து லண்டனுக்கு 152 பேருடன் ஒரு பெரிய விமானம் வந்தது. இறங்கப் போகும் நேரத்தில் இரண்டு எஞ்சின்களும் வேகம் இழந்தன. ஓடுபாதைக்கு முன்னாலேயே விமானம் புல்தரையில் விழுந்தது. நல்ல வேளையாக ஒருவரும் சாகவில்லை. சோதித்தபோது எண்ணெய் விதிப்படிதான் இருந்தது. அதில் வழக்கமாக இருக்கும் சிறிதளவு தண்ணீரே பனிக்கட்டியாகிச் சேர்ந்து, எண்ணெய் போகும் வழியை மறித்து இருந்தது! பிறகு அந்த இடத்தில் உள்ள கருவியின் அமைப்பையே மாற்றினார்கள்.

தண்ணீர் எப்படி வருகிறது?

மூடிய தொட்டிக்குள் தண்ணீர் எப்படி வரும்? மூன்று வழி.

ஒன்று, மழை. மூடி சரியாகப் பொருந்தாவிட்டால் உள்ளே இறங்கும்.

இரண்டு, காற்று. பகல் வெயிலில் எண்ணெய் விரியும். இரவில் சுருங்கும். சுருங்கும்போது தொட்டி வெளிக்காற்றை இழுக்கும். அந்தக் காற்றில் உள்ள ஈரம், குளிர்ந்த சுவரில் முத்து முத்தாக வியர்க்கும்.

மூன்று, எண்ணெயிலேயே கரைந்திருக்கும் ஈரம். சூடான எண்ணெய் கொஞ்சம் ஈரத்தைத் தனக்குள் கரைத்து வைத்துக் கொள்ளும். குளிர்ந்தால் வெளியே விட்டுவிடும்.

எண்ணெய் மேலே மிதக்கும். தண்ணீர் அடியில் தங்கும். இது எல்லோருக்கும் தெரியும். அகல் விளக்கின் அடியில் தண்ணீர் இருந்தால் திரி 'சடசட' என்று பொரிந்து அணைகிறதே, அதே கதைதான்.

காவிரி வழியில் ஒரு பாடம்

ஆடி மாதம் காவிரியில் புதுவெள்ளம் வரும். தண்ணீர் செம்மண் நிறமாக இருக்கும். நம் பாட்டிமார் என்ன செய்தார்கள்? குடத்தின் உட்புறத்தில் தேற்றாங்கொட்டையை உரைத்து, அந்தத் தண்ணீரை ஊற்றி, அசைக்காமல் வைத்தார்கள். வண்டல் அடியில் தங்கியது. மேல்தெளிவை மெதுவாக மொண்டு குடித்தார்கள்.

விமான எண்ணெய்க் கிடங்கிலும் இதே முறைதான்! பெரிய தொட்டியில் எண்ணெயை நிரப்பி, பல மணி நேரம் அசையாமல் வைக்கிறார்கள். தொட்டியின் அடித்தளம் சரிவாக இருக்கும். தண்ணீரும் தூசியும் துருவும் பள்ளத்தில் போய்ச் சேரும். அங்கே உள்ள குழாயைத் திறந்து, அந்தக் கசடை நாள்தோறும் வெளியேற்றுகிறார்கள். எஞ்சினுக்குப் போகும் எண்ணெயை அடியில் இருந்து எடுப்பது இல்லை. மிதவையில் கட்டிய குழாய் வழியாக மேல்தெளிவைத்தான் எடுக்கிறார்கள்.

பால்காரரும் லாக்டோமீட்டரும்

சுத்திகரிப்பு ஆலையில் இருந்து எண்ணெய் கிளம்பும்போதே ஒரு சோதனைச் சான்று கூட வரும். டேங்கர் லாரி கிடங்குக்கு வந்ததும், முத்திரை உடையாமல் இருக்கிறதா என்று பார்ப்பார்கள். லாரியைச் சிறிது நேரம் அசையாமல் நிறுத்துவார்கள். பிறகு ஒவ்வொரு அறையின் அடியிலும் குழாயைத் திறந்து, கண்ணாடி ஜாடியில் எண்ணெய் பிடிப்பார்கள்.

முதல் சோதனை, கண்! எண்ணெய் பளிச்சென்று இருக்க வேண்டும். கலங்கல், தூசி, துரு, அடியில் தண்ணீர்க் குமிழ் எதுவும் கூடாது. ஜாடியைச் சுழற்றுவார்கள். கசடு இருந்தால் நடுவில் வந்து கூடும்.

அடுத்தது, அடர்த்தி. பாலில் தண்ணீர் கலந்ததைக் கண்டுபிடிக்க லாக்டோமீட்டர் இருக்கிறது அல்லவா? அதைப் போன்ற ஒரு கண்ணாடி மானியை எண்ணெயில் மிதக்க விடுவார்கள். கூடவே வெப்பமும் பார்ப்பார்கள். 15 டிகிரி வெப்பத்தில் ஒரு கன மீட்டர் ஜெட் எண்ணெய் 775 முதல் 840 கிலோ வரை இருக்கலாம். சான்றில் உள்ள கணக்குக்கும் இதற்கும் 3 கிலோவுக்கு மேல் வித்தியாசம் இருந்தால் சந்தேகம்! வேறு எண்ணெய் கலந்துவிட்டதோ என்று விசாரிப்பார்கள். விடை தெரியும்வரை ஒரு சொட்டுக்கூட உள்ளே போகாது.

மஞ்சள், பச்சை ஆனால்?

விமானத்தின் அருகே எண்ணெய் லாரி வந்து நிற்கிறது. அங்கேயும் ஒரு சோதனை உண்டு.

ஒரு சிறிய பிளாஸ்டிக் சிரிஞ்சி. அதன் முனையில் பொத்தான் அளவு வில்லை. வில்லைக்குள் மஞ்சள் நிறத் தாள். சிரிஞ்சியால் 5 மில்லி எண்ணெயை அந்தத் தாள் வழியாக உறிஞ்சுவார்கள். தாள் மஞ்சளாகவே இருந்தால் சரி. பச்சையாக மாறினால் தண்ணீர் இருக்கிறது என்று பொருள்!

எண்ணெயில் பத்து லட்சத்தில் 30 பங்கு தண்ணீர் இருந்தாலே அந்தத் தாள் காட்டிக் கொடுத்துவிடும். திருச்சிக்கு வந்து போகும் விமான வகைகளில் ஒன்று சுமார் 26,000 லிட்டர் எண்ணெய் கொள்ளும். அதில் இந்தக் கணக்குப்படி தண்ணீர் எவ்வளவு? முக்கால் லிட்டருக்குச் சற்று அதிகம். ஒரு சொம்புத் தண்ணீர்! 26,000 லிட்டரில் ஒரு சொம்புத் தண்ணீரைக் கண்டுபிடிக்கிறது அந்தச் சிறிய தாள்.

வடிகட்டியே வில்லன் ஆனது!

2010-ம் ஆண்டு ஏப்ரல் 13-ந் தேதி. இந்தோனேசியாவின் சுரபயா நகரில் இருந்து ஹாங்காங்குக்கு 322 பேருடன் ஒரு விமானம் போனது. இறங்கும் நேரத்தில் ஒரு எஞ்சின் வேகம் குறைய மறுத்தது. மற்றொன்று வேகம் கூட மறுத்தது!

வழக்கத்தைவிட மிக அதிக வேகத்தில், மணிக்கு 420 கிலோ மீட்டருக்கு மேல் ஓடி, விமானம் தரையைத் தொட்டது. டயர்கள் காற்று இறங்கின. பயணிகள் அவசர வழியில் சறுக்கி வெளியேறினர். 57 பேருக்குக் காயம். ஒருவரும் சாகவில்லை. விமானிகளின் திறமை அப்படி!

காரணம் என்ன? சுரபயா விமான நிலையத்தில் நிலத்தடி எண்ணெய்க் குழாய்களை நீட்டும் வேலை நடந்தது. அப்போது உப்புத் தண்ணீர் குழாய்க்குள் புகுந்துவிட்டது. வேலை முடிந்ததும் குழாயை முறையாகச் சுத்தம் செய்து சோதிக்கவில்லை. எண்ணெய் நிரப்பும் வண்டியில், தண்ணீரை உறிஞ்சும் ஒரு வகை ரசாயன வடிகட்டி இருந்தது. உப்புத் தண்ணீர் பட்டதும் அந்த ரசாயனம் கண்ணுக்குத் தெரியாத சிறு உருண்டைகளாக எண்ணெயில் கலந்து, எஞ்சினின் எண்ணெய் வால்வுகளைக் கெட்டியாகப் பிடித்துக் கொண்டது. இதன் பிறகு, அந்த வகை வடிகட்டிகளைக் கைவிடுவது என்று விமான எண்ணெய்த் துறை முடிவு செய்தது.

எண்ணெயில் பூசணம்!

ஊறுகாய் ஜாடியில் ஈரக் கரண்டியைப் போட்டால் என்ன ஆகும்? பூசணம் பிடிக்கும். விமானத் தொட்டியிலும் பிடிக்கும்!

தண்ணீரும் எண்ணெயும் சந்திக்கும் இடத்தில் ஒரு வகைப் பூசணம் வளர்கிறது. எண்ணெயே அதற்கு உணவு. நம் ஊர் போன்ற வெப்ப நாடுகள் அதற்கு மிகவும் பிடிக்கும். அது வடிகட்டியை அடைக்கும், தொட்டியை அரிக்கும்.

அதைக் கொல்ல மருந்து உண்டு. ஆனால் அளவுக்கு மிஞ்சினால் அமுதமும் நஞ்சு அல்லவா? 2020-ம் ஆண்டு பிப்ரவரியில், லண்டனை அடுத்த கேட்விக் நிலையத்தில் இருந்து ஒரு விமானம் கிளம்பியது. உடனே இரண்டு எஞ்சின்களும் தடுமாறின. அதில் பயணிகள் இல்லை. சிப்பந்திகள் மட்டும் இருந்தனர். எப்படியோ திரும்பி வந்து இறங்கிவிட்டார்கள். விசாரித்தால், பூசண மருந்தைக் கணக்குத் தவறாகப் போட்டு, 38 மடங்கு அதிகமாக ஊற்றி இருந்தார்கள்!

சிறந்த வைத்தியம் எது? தண்ணீரைத் தங்க விடாமல் தினமும் வடித்து விடுவதுதான். தண்ணீர் இல்லாவிட்டால் பூசணம் இல்லை.

தீயும் ஒரு கம்பியும்

சுத்தம் மட்டும் போதாது. எண்ணெய் தீப்பிடிக்காமலும் பார்க்க வேண்டும்.

வறண்ட இரவில் நைலான் சட்டையைக் கழற்றினால் 'படபட' என்று சிறு பொறி பறக்கிறதே, கவனித்து இருக்கிறீர்களா? குழாயில் வேகமாக ஓடும் எண்ணெயிலும் அதே மின்சாரம் உண்டாகும். அதனால் எண்ணெய்க் குழாயை மாட்டும் முன்பே, லாரியையும் விமானத்தையும் ஒரு கம்பியால் இணைத்து விடுகிறார்கள். இரண்டுக்கும் இடையே பொறி பறக்க வழி இல்லை. எல்லாம் முடிந்த பிறகுதான் கம்பியைக் கழற்றுவார்கள்.

ஜெட் எண்ணெயின் ஆவி 38 டிகிரி வெப்பத்துக்குக் கீழே தீப்பிடிக்கக் கூடாது என்பது விதி. ஆனால் திருச்சியில் அக்கினி நட்சத்திரத்தின்போது வெயில் 38 டிகிரியைத் தாண்டி விடுகிறதே! ஆகவே நம் ஊரில் கூடுதல் கவனம் வேண்டும். விமானத்துக்கு நடந்து போகும்போது சிகரெட் கூடாது, செல்போன் கூடாது என்று சிப்பந்தி சொன்னால் கோபப்படாதீர்கள்.

விபத்துக்குப் பிறகும் சாட்சி

2025-ம் ஆண்டு ஜூன் 12-ந் தேதி ஆமதாபாத்தில் லண்டன் விமானம் விழுந்து 260 பேர் மாண்டனர். நாடே அழுதது. விசாரணை அதிகாரிகள் கவனித்த விஷயங்களில் ஒன்று எண்ணெய். அந்த விமானத்துக்கு எண்ணெய் நிரப்பிய வண்டிகளிலும் தொட்டிகளிலும் இருந்து மாதிரி எடுத்துச் சோதித்தார்கள். அது திருப்தியாக இருந்தது என்று அடுத்த மாதம் வந்த முதல் அறிக்கை சொன்னது.

எண்ணெய் மாதிரியும் சோதனைப் பதிவேடும் எவ்வளவு முக்கியம் என்பது இதில் இருந்து தெரிகிறது. தவறு செய்தவரைக் காட்டிக் கொடுப்பதும் அவைதான். தவறு செய்யாதவரைக் காப்பாற்றுவதும் அவைதான்.

ஐந்து நிமிடம்

ஜாடியில் எண்ணெய் பிடிப்பதற்கும், சிரிஞ்சியால் உறிஞ்சுவதற்கும் எவ்வளவு நேரம் ஆகும்? ஐந்து நிமிடம் ஆகலாம். மழை கொட்டும். வெயில் கொளுத்தும். விமானம் தாமதம் என்று மேலே இருந்து அவசரப்படுத்துவார்கள். நேற்றும் நன்றாகத்தான் இருந்தது, முந்தாநாளும் நன்றாகத்தான் இருந்தது, இன்று ஒரு நாள் விட்டால் என்ன என்று மனம் சொல்லும். அந்த மனத்தை அடக்கி, தினமும் அதே ஜாடியை அதே கவனத்தோடு வெளிச்சத்தில் தூக்கிப் பார்ப்பவர்தான் நல்ல தொழிலாளி.

மகன் சிங்கப்பூருக்குப் போகிறான். மருமகன் துபாயில் இருந்து வருகிறார். வீட்டில் விளக்கேற்றி வேண்டிக் கொள்கிறோம். வேண்டிக் கொள்ளத்தான் வேண்டும். அடுத்த முறை விமானத்தில் ஜன்னல் ஓரம் இடம் கிடைத்தால் கீழேயும் பாருங்கள். இறக்கைக்கு அருகே ஒருவர் குனிந்து, ஒரு கண்ணாடி ஜாடியை வெயிலில் திருப்பித் திருப்பிப் பார்த்துக் கொண்டிருப்பார். அவருக்கு உங்கள் பெயர் தெரியாது. ஆனால் உங்கள் உயிருக்கு அவரும் ஒரு காவல்காரர்.